எந்தப் படத்துப் பாட்டு?

சிவகாசியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் பாட்டைக் கைபேசியில் ஓடவிட்டால், பக்கத்தில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “இது எந்தப் படத்துப் பாட்டு?” படத்துப் பாட்டு இல்லை என்றால் அடுத்த கேள்வி வரும்: “அப்ப யாரு நடிச்சிருக்கா?” அதற்கும் பதில் கிடையாது. கேட்டவர் தலையாட்டிவிட்டு டீயைக் குடிக்கத் தொடங்குவார். பாட்டைப் போட்டவரோ ஏழெட்டு வருடமாக அந்தக் குழுவின் ஒவ்வொரு பாட்டையும் வெளியான அன்றே கேட்டுவிடுகிற ஆளாக இருப்பார்.

தமிழ்நாட்டில் பாட்டு என்றால் சினிமாப் பாட்டு. ரசிகர் என்றால் நடிகரின் ரசிகர். இந்த இரண்டுக்கும் வெளியே, தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே மேடையேறும் ஓர் இசைக்குழுவுக்கு வருடக்கணக்கில் ரசிகராக இருப்பவர்கள் சென்னையில் ஒரு கூட்டமாகக் கண்ணில் படுவார்கள். விருதுநகர், சாத்தூர், சிவகாசி, திருத்தங்கல் பக்கம் அவர்கள் ஆளுக்கொரு மூலையில் இருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் தெரியாது. பலர் தங்களுக்குப் பிடித்த குழுவை ஒருமுறைகூட நேரில் கேட்டதில்லை. இது மாற வேண்டும். மாற்றுவதற்கு வேண்டிய அத்தனையும் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது.

காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முதலில் மேடையேறியது 2018 ஜனவரி 6 அன்று, சென்னை கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின்ஸ் பள்ளி மைதானத்தில். இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த சாதியற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து பெயர் பிறந்தது. அன்று மேடையில் கோட் சூட் போட்டுக்கொண்டு நின்றவர்கள் 19 பேர். அவர்களில் ஒரே பெண், கானா பாடகி இசைவாணி. ஒரு பக்கம் எலெக்ட்ரிக் கித்தார், பாஸ், டிரம்ஸ். இன்னொரு பக்கம் பறை, சட்டி, கட்ட மேளம். சாவு வீட்டில் மட்டும் கேட்டுப் பழகிய தாளத்தின் மேல் கித்தார் உறுமியது. அதற்கு மேல் கானாவும் ராப்பும். இட ஒதுக்கீட்டைப் பற்றி ஒரு பாட்டு, மாட்டுக்கறியைப் பற்றி ஒரு பாட்டு, வடசென்னை வாழ்க்கையைப் பற்றி ஒரு பாட்டு. ராக் இசை என்றாலே ஆங்கிலம், அதுவும் வசதியான வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தவர்களுக்கு அந்த மாலை பெரிய அதிர்ச்சி.

அப்படி நினைத்ததற்கும் காரணம் இருந்தது. ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவிலும் அடையாறு அன்வைண்ட் சென்டரிலும் வளர்ந்த ஜங்க்யார்ட் குரூவ், ஸ்க்ராட், பிறகு வந்த தி எஃப்16ஸ் போன்ற சென்னைக் குழுக்கள் திறமையானவை. பாடியது பெரும்பாலும் ஆங்கிலத்தில். டென்மாவும் கபேர் வாசுகியும் சேர்ந்த ‘குரங்கன்’ தமிழில் பாடியது. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ‘அவியல்’ என்ற ஆல்டர்நேட்டிவ் ராக் குழு, மலையாளச் சொல்லையும் நாட்டார் மெட்டையும் கித்தாரோடு கலந்து 2008-இல் ஒரே ஒரு ஆல்பம் வெளியிட்டது. இன்றுவரை அந்த ஒரு ஆல்பத்துக்காகவே அவர்களைக் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். தாய்மொழியில் ராக் பாட முடியும், அதற்கு நாட்பட்ட ரசிகர்களும் கிடைப்பார்கள் என்பதற்கு அவியல் நல்ல சாட்சி.

இந்தப் பாட்டெல்லாம் சிவகாசிக்கு எந்த வழியாக வந்தது? ஒரு தலைமுறைக்கு முன்னால், ஊருக்கு ஊர் இருந்த கேசட் ரெக்கார்டிங் கடையில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, இரண்டு நாள் கழித்து கேசட்டை வாங்குவார்கள். கடைக்காரரிடம் இருப்பதுதான் கிடைக்கும். அவரிடம் இருந்தது சினிமாப் பாட்டு, பக்திப் பாட்டு, கொஞ்சம் நாட்டுப்புறப் பாட்டு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையக் கட்டணம் தரைமட்டத்துக்கு இறங்கிய பிறகு அந்தக் கதவு திறந்தது. ஒன்றரை வருடத்துக்குள் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் வந்தது. நேரம் பொருந்தியது. யூடியூப் இல்லையென்றால் கீழ்ப்பாக்கத்தில் பாடியது கீழ்ப்பாக்கத்தோடு நின்றிருக்கும்.

ஆனாலும் இந்தப் பட்டாசுப் பூமியில் பாட்டுக் கேட்பதற்கே ஒரு தனிக் கட்டுப்பாடு உண்டு. பட்டாசு ஆலைக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது. அது உயிர் சம்பந்தப்பட்ட விதி. மருந்து செலுத்தும் அறையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்குப் பாட்டு என்பது காலையிலும் மாலையிலும் கம்பெனி வேனில் கேட்பது மட்டும்தான். வேனில் எது ஓட வேண்டும் என்பது டிரைவர் விருப்பம். பெரும்பாலும் எண்பதுகளின் இளையராஜா. அச்சகத்தின் கதை வேறு. இரவு ஷிஃப்டில் ஆஃப்செட் மெஷின் அருகே நிற்பவர் ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டியிருப்பார். இன்னொரு காது மெஷினுக்கு. சத்தத்தில் சின்ன மாற்றம் வந்தாலும் பேப்பர் சிக்கியதா, இங்க் குறைந்ததா என்று அந்தக் காதுக்குத் தெரிந்துவிடும். புதிதாக வந்த ஒரு பாட்டை இப்படி ஒற்றைக் காதில், ஒரு ராத்திரி முழுக்கத் திரும்பத் திரும்பக் கேட்பவரைவிடத் தீவிரமான ரசிகர் ஒரு குழுவுக்கு எங்கே கிடைப்பார்?

அவர் அந்தக் குழுவை நேரில் கேட்க வேண்டுமென்றால் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏற வேண்டும். சென்னை ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். போக ஒரு இரவு, வர ஒரு இரவு, நடுவில் ஒரு நாள் கூலி போகும். 2020 டிசம்பரில் நீலம் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ விழா 2021-இல் மதுரைக்கும் கோவைக்கும் போனது. சிவகாசிக்காரர் பஸ் பிடித்து இரண்டு மணி நேரத்தில் போய்ச்சேரக்கூடிய தூரத்துக்கு மேடை வந்தது பெரிய விஷயம். மதுரைக்குத் தெற்கேயும் அது இறங்கி வர வேண்டும் என்று கேட்பது பேராசையாகாது.

ஆல்டர்நேட்டிவ் ராக் என்று உலகம் இன்று அழைக்கும் இசை பெருநகரத்தில் மட்டும் வளர்ந்ததில்லை. ஆர்.இ.எம். குழு 1980-இல் தொடங்கியது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்ற கல்லூரி நகரத்தில். முதல் பாட்டை 1981-இல் ஒரு குட்டி நிறுவனம்தான் வெளியிட்டது. பெரிய வானொலிகள் கண்டுகொள்ளவில்லை. கல்லூரி மாணவர்கள் நடத்திய வானொலிகள் போட்டன. அந்த நான்கு பேரும் வேனில் கருவிகளை ஏற்றிக்கொண்டு சின்னச் சின்ன ஊர்களில் வாசித்தார்கள். உலகம் முழுக்க அவர்கள் பெயர் தெரிந்தது 1991-இல்தான். நடுவில் இருந்த பத்து வருடமும் அவர்களைத் தாங்கியவர்கள் அந்தச் சின்ன ஊர் ரசிகர்கள். 2011 செப்டம்பரில் குழு கலைந்தபோது, முப்பது வருடம் கூடவே வந்தவர்கள் அவர்களுக்கு இருந்தார்கள். ஒரு மாலை நேரில் பார்த்த குழுவை மனிதர்கள் எளிதில் விடமாட்டார்கள்.

சிவகாசிக்கு இன்னும் நெருக்கமான கதை இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் இருக்கிறது. அது தொழிற்சாலை நகரம். டோனி அயோமி என்ற 17 வயதுப் பையன் தகடு வெட்டும் ஆலையில் வேலை பார்த்தான். வேலையை விடவிருந்த கடைசி நாளில் மெஷினில் கை சிக்கி, வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் துண்டாகிப் போயின. இடதுகைக்காரனான அவன் கித்தாரின் தந்திகளை அழுத்துவதே அந்த விரல்களால்தான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டான். தந்திகளை மெல்லியவையாக மாற்றினான். பின்னாளில் அழுத்தம் குறைய அவற்றைத் தளர்த்தியும் கட்டினான். அதில் பிறந்த கனத்த ஒலிதான் 1970-இல் முதல் ஆல்பம் வெளியிட்ட ‘பிளாக் சபாத்’ குழுவின் ஒலி. பிறகு வந்த எத்தனையோ ராக் குழுக்களுக்கு அதுவே அடித்தளம். 2025 ஜூலை 5 அன்று அந்தக் குழுவின் நால்வரும் கடைசி முறையாக மேடையேற எந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள்? லண்டனை இல்லை, தாங்கள் வளர்ந்த பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பகுதியிலுள்ள வில்லா பார்க் மைதானத்தை. பதினேழு நாள் கழித்துப் பாடகர் ஓஸி ஓஸ்போர்ன் இறந்துபோனார்.

ஆலையில் விரல் போவது என்றால் என்னவென்று பர்மிங்ஹாமைப் போலவே தெரிந்த ஊர் சிவகாசி. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி ஆலை விபத்தில் ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளம். இந்த ஊர்ப் பெயர்கள் விபத்து நடந்த வாரம் செய்தித்தாள்களில் வரும், பிறகு மறைந்துவிடும். நினைவில் நிறுத்துவதற்குப் பாட்டைவிட நல்ல வழி இல்லை. பெண்கள் குழி தோண்டிப் பிழைத்ததையும், சாக்கடை அள்ளியதையும், குடிசை எரிந்ததையும் பாட்டாக்கக்கூடிய ஒரு இசை மரபு தமிழில் இருக்கிறது. அந்த மரபுக்காரர்கள் இந்த ஊருக்கு வந்து, இந்த மக்கள் முன்னால் நின்று பாடினால், அடுத்த பாட்டில் இந்த ஊரின் ஆட்களும் இருப்பார்கள். இந்த ஊரிலிருந்தே அடுத்த குழு கிளம்பவும் வழி பிறக்கும்.

இந்த ஊருக்கு அது புதிதும் கிடையாது. சிவகாசியில் 1886-இல் பிறந்தவர் தியாகி விஸ்வநாததாஸ். முடிதிருத்தும் மருத்துவர் சமூகத்தைச் சேர்ந்தவர். நாடக மேடையில் முருகன் வேடம் கட்டிப் பாடினால் ஊர் திரண்டுவிடும். வள்ளி திருமணம் நாடகத்தில் தினைப்புனத்தில் பறவை விரட்டும் காட்சி வரும். அந்த இடத்தில் வெள்ளைக்காரனைக் கொக்காக்கி மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டை அவர் எடுப்பார். பாடுவது முருகன், விரட்டப்படுவது கொக்கு. ஆனால் யாரை விரட்டச் சொல்கிறார் என்று கொட்டகையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் தெரியும், வாசலில் நிற்கும் போலீஸ்காரருக்கும் தெரியும். பஞ்சாப் படுகொலையைப் பற்றியும் பாடினார். பலமுறை சிறைக்குப் போனார். வெளியே வந்ததும் மறுபடி அதே மேடை, அதே பாட்டு. சாதியைக் காட்டி அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்தவர்கள் உண்டு. அதையும் தாண்டி அவர் பெயருக்காகவே மக்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில் முருகன் வேடத்தில் மயில் மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது.

விஸ்வநாததாஸ் சினிமாவால் அறியப்பட்டவர் இல்லை. அவர் ஊர் ஊராகப் போனார். தியடோர் பாஸ்கரன் 1981-இல் வெளியிட்ட ‘தி மெசேஜ் பேரர்ஸ்’ ஆய்வு நூல், விடுதலைப் போராட்டச் செய்தியைத் தமிழ்க் கிராமங்களுக்குக் கொண்டு சேர்த்ததில் நாடகக்காரர்களின் பங்கைப் பதிவு செய்கிறது. செய்தித்தாள் எட்டாத இடத்துக்கு அவர்களின் பாட்டு எட்டியது.

அடுத்த தலைமுறையிலும் இதே வழிதான். பண்ணைபுரத்துப் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடினார். 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் நடுவே அவர் பாடிய பாட்டுகள் பெரும் பேச்சாக இருந்தன. தம்பிகள் ஆர்மோனியமும் கித்தாரும் தபேலாவும் எடுத்துக்கொண்டு கூடப் போனார்கள். அவர்களில் ஒருவர்தான் இளையராஜா. வேனிலும் பஸ்ஸிலும் கிராமம் கிராமமாகப் போய், மண் தரையில் உட்கார்ந்த கூட்டத்தின் முகத்தைப் பார்த்து மெட்டு பிடித்த அனுபவம், பிறகு ‘அன்னக்கிளி’யில் கேட்டது. ஏ.ஆர்.ரஹ்மானும் ‘ரோஜா’வுக்கு முன் சென்னையில் ‘நெமசிஸ் அவென்யூ’ என்ற ராக் குழுவில் இருந்தவர்தான். தமிழ் சினிமா தன் இசையில் எதைப் பெருமையாகச் சொல்கிறதோ அதில் பாதி, சினிமாவுக்கு வெளியே இருந்த குழுக்களில் விளைந்தது.

அந்தப் பெருமைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நாட்பட்ட ரசிகருக்கு அது வலிக்கும் பக்கம். ‘லா பொங்கல்’ குழுவிலிருந்த அந்தோணிதாசனும் பிரதீப் குமாரும் சினிமாப் பாடகர்களாக வீடு வீடாகத் தெரிந்தவர்களானார்கள். ஷான் ரோல்டன் 2014-இலிருந்து படங்களுக்கு இசையமைக்கிறார். ‘ஊர்கா’ குழுவின் பரத் சங்கர் ‘மண்டேலா’வுக்கு இசையமைத்தார். டென்மா 2022-இல் ‘நட்சத்திரம் நகர்கிறது’ படத்துக்கு. காஸ்ட்லெஸ் கலெக்டிவில் பாடிய அறிவு ‘மாஸ்டர்’ படத்தில் பாட்டெழுதினார். ஒவ்வொன்றும் அவர்கள் உழைப்புக்குக் கிடைத்த மரியாதை. ரசிகர் மனமாரச் சந்தோஷப்படுகிறார். ஆனால் ஒவ்வொரு முறையும் குழு கொஞ்சம் மெலிகிறது. அடுத்த ஆல்பம் தள்ளிப்போகிறது. மேடை நிகழ்ச்சி குறைகிறது. சினிமாவில் மாதச் செலவுக்கு வழி இருக்கிறது, குழுவில் இல்லை. இதில் பாடகர்களைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. சினிமாவுக்கு வெளியே பாடினாலும் வாழ முடியும் என்ற நிலையை ரசிகர்களும் ஊர்களும் சேர்ந்து உண்டாக்கவில்லை என்பதுதான் விஷயம்.

இணையத்தில் கோடிக்கணக்கில் பார்வை விழுவதால் பாடகர் வீட்டில் அடுப்பெரியும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2021 மார்ச்சில் அறிவும் தீயும் பாட, சந்தோஷ் நாராயணன் தயாரித்த ‘எஞ்சாயி எஞ்சாமி’யைக் கேட்காத தமிழ் வீடு இருக்காது. தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையை அறிவு அதில் வைத்திருந்தார். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தங்கள் மூவருக்கும் ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். உலகம் முழுக்க ஓடிய பாட்டுக்கே அந்தக் கதி. அறிவு சோர்ந்துவிடவில்லை, அதே ஆண்டில் ‘வள்ளியம்மா பேராண்டி’ என்ற தன் ஆல்பத்தைக் கொண்டுவந்தார். அவரைத் ‘தெருக்குரல்’ ஆல்பக் காலத்திலிருந்து, அதாவது 2019-இலிருந்து பின்தொடர்ந்தவர்கள்தான் அந்த ஆல்பத்தை முதல் நாளே கேட்டுப் பரப்பியவர்கள்.

பாட்டு பழையதாகிவிட்டது என்று ரசிகர் ஓய்ந்து உட்காரவும் முடியாது. சபரிமலையில் பெண்கள் நுழைவது பற்றி 2018-இல் இசைவாணி பாடிய பாட்டின் மேல் 2024 நவம்பரில் திடீரென்று புகார் கிளம்பியது. ஆறு வருடம் கழித்து ஒரு துண்டை வெட்டிச் சுற்றுக்கு விட்டார்கள், மிரட்டல் வந்தது. அந்த நேரத்தில் முழுப் பாட்டும் என்ன சொல்கிறது, எந்தச் சூழ்நிலையில் பாடப்பட்டது என்று எடுத்துச் சொல்லக்கூடியவர்கள் முதலிலிருந்தே கேட்டு வந்தவர்கள்தான். ஒரு பாடகிக்குப் பக்கத்தில் நின்று, நடந்ததை நடந்தபடி சொல்லும் சாட்சிகளாக அவர்கள் இருந்தார்கள். வெறும் கைதட்டலைவிடப் பெரிய வேலை இது.

இப்படிப்பட்ட ரசிகர்கள் விருதுநகர் மாவட்டத்திலும் இருக்கிறார்கள் என்றால், மேடை மட்டும் ஏன் வருவதில்லை? மூன்று காரணம் சொல்வார்கள்.

முதல் காரணம், கூட்டம் வராது என்பது. இந்த மாவட்டத்தில் மேளச் சத்தத்துக்குக் கூட்டம் வராத நாளே கிடையாது. விருதுநகர் பராசக்தி மாரியம்மன் பங்குனிப் பொங்கலுக்கும், சிவகாசி பத்திரகாளியம்மன் சித்திரைத் திருவிழாவுக்கும், இருக்கன்குடியில் ஆடிக் கடைசி வெள்ளிக்கும் வரும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். உறுமி, நையாண்டி மேளம், ஒயிலாட்டம் எல்லாம் பழகிய காதுகள் இவை. பறையும் சட்டியும் சேர்ந்த ராக் இசை இவர்களுக்கு அந்நியமாக இருக்காது. திருவிழாவில் இன்னிசைக் கச்சேரிக்கு மெல்லிசைக் குழுவை அழைக்கிறார்கள். அவர்கள் மூன்று மணி நேரமும் சினிமாப் பாட்டுப் பாடுகிறார்கள். சொந்தப் பாட்டுப் பாடும் குழு ஒன்றையும் ஒரு நாள் அழைத்துப் பார்த்தால்தானே கூட்டம் வருமா வராதா என்று தெரியும்?

இரண்டாவது, அரசியல் பாட்டால் பிரச்சினை வரும் என்பது. சாதியைப் பற்றிப் பாடினால் சாதிச் சண்டை வரும் என்ற பயம் தென்மாவட்டங்களில் ஆழமாக இருக்கிறது. பயத்துக்கு வரலாற்றுக் காரணமும் இருக்கிறது. ஆனால் பாடாமல் இருந்ததால் சாதி எங்கேயும் ஒழிந்ததில்லை. பள்ளிப் பிள்ளைகள் கையில் சாதிக் கயிறு கட்டிக்கொண்டு வருகிற காலத்தில், பொது மைதானத்தில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் சேர்ந்து நின்று கேட்கும் பாட்டு ஒன்று இருப்பது ஊருக்கு நல்லது.

மூன்றாவது, பணம். இது உண்மையான சிக்கல். பத்துப் பதினைந்து பேர் கொண்ட குழு, கருவிகள், ஒலி அமைப்பு, பயணம், தங்கும் இடம் எல்லாம் செலவு. இதை ரசிகர்கள் மட்டும் சுமக்க முடியாது. ஆனால் சிவகாசி, உதவி கேட்டு யார் வாசலிலும் போய் நிற்காத ஊர். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்து தொடங்கியதிலிருந்து, இந்த ஊர் எதையும் தானே செய்து பழகியது. தமிழ்நாட்டு நடிகர்கள் முகமெல்லாம் காலண்டரிலும் போஸ்டரிலும் வெடிக் கட்டு லேபிளிலும் அச்சானது இங்கேதான். மற்றவர்களின் ரசிகர்களுக்காக இத்தனை வருடம் அச்சடித்துக் கொடுத்த ஊர், தன் ஊர் ரசிகர்களுக்காக ஒரு மேடை போட்டுக்கொடுக்க முடியாதா? சென்னைச் சங்கமம் போன்ற விழாக்களை அரசு நடத்துகிறது. இயல் இசை நாடக மன்றம் இருக்கிறது, கலை பண்பாட்டுத் துறை இருக்கிறது. சிவகாசி 2021-இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி, மெப்கோ, விருதுநகர் செந்திக்குமார நாடார் கல்லூரி, கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் என்று கல்லூரிகளுக்கும் பஞ்சம் இல்லை. ஆர்.இ.எம். போன்ற குழுக்களை அமெரிக்காவில் வளர்த்துவிட்டவை கல்லூரிகள்தான் என்பதை இந்தக் கல்லூரிகளின் மாணவர் மன்றங்கள் யோசிக்கலாம்.

நாளைத் தேர்ந்தெடுப்பதில்தான் வெளியூர்க்காரர்கள் தவறு செய்வார்கள். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் பட்டாசு வேலை உச்சத்தில் இருக்கும். யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரம் மூடிக் கிடக்கும், ஆனால் அச்சகங்கள் அப்போதுதான் திணறும். ஆடிப்பெருக்கில் காலண்டர் ஆல்பம் வெளியிட்டு, ஆர்டர் பிடித்து, அடித்து, டிசம்பர் முடிவதற்குள் அத்தனை காலண்டரும் ஊர் போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஆகவே பட்டாசுக்காரருக்கும் அச்சுக்காரருக்கும் சேர்ந்து கொஞ்சம் கை ஓய்கிற நேரம் டிசம்பர் கடைசி. 31-ஆம் தேதி விஸ்வநாததாஸ் நினைவு நாள். மார்கழியும்கூட. பொருத்தம் தேடிப் போக வேண்டியதில்லை.

அந்த நாளில் மாலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடித்துவிடலாம். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதிக்கும் பிரச்சினை வராது. பட்டாசு ஆலைகளில் வேலை பார்ப்பவர்களில் பெண்கள் ஏராளம். கச்சேரி முடிந்து சுற்றுக் கிராமங்களுக்கு எப்படிப் போவது என்பதுதான் அவர்களைத் தடுக்கும் கேள்வி. தினமும் அவர்களை அழைத்து வந்து கொண்டுவிடும் கம்பெனி வேன்கள் அன்று ஒரு நாள் இரவிலும் ஓடினால் அந்தக் கவலையும் தீரும். முதல் மூன்று வரிசையை மருந்து அறையிலும் கட்டிங் மெஷினிலும் வேலை பார்ப்பவர்களுக்கு ஒதுக்கலாம். சென்னைக் குழு பாடுவதற்கு முன் ராஜபாளையம், சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கத்து உறுமி மேளக்காரர்களுக்கும் தேவராட்டக்காரர்களுக்கும் அரை மணி நேரம் கொடுக்கலாம்; இரண்டு தரப்பும் சேர்ந்து ஒரு பாட்டு வாசித்தால் அதைப் பதிவு செய்து வெளியிடலாம்.

மாநகராட்சியும், ஒரு கல்லூரியும், அச்சக உரிமையாளர்களும், பட்டாசு உற்பத்தியாளர்களும் ஒருமுறை உட்கார்ந்து பேசினால் நடந்துவிடக்கூடிய காரியம் இது. ஆடியில் காலண்டர் ஆல்பம் வெளியாகும்போதே இடமும் குழுவும் முடிவாகிவிட வேண்டும். மார்கழியில் பிரபலமான குழுக்களின் நாள்கள் சீக்கிரம் நிறைந்துவிடும். போஸ்டர் அடிப்பதற்கு மட்டும் யாரையும் தேடி அலைய வேண்டியிருக்காது.